நிழற்கரையில் முணுமுணுப்பவர்

மார்ச் 4

மாப்பிள்ளைக்கு,

'கண்ணாடியைப் பார், திரும்புவதற்கு முன்னால் கண்ணாடியைப் பார்' என்று ஊருக்கெல்லாம் கத்திச் சம்பாதிக்கிற ஆள் நான். அப்படிப்பட்டவன் ஒரு ஃபைலை அனுப்புவதற்கு முன்னால் அதைத் திறந்து ஒருமுறைகூடப் பார்க்கவில்லை. இதை எங்கள் டிரைவிங் ஸ்கூல் பக்கம் யாரிடமும் சொல்லிவிடாதீர்கள். பிழைப்பு போய்விடும்.

உங்களிடம் போனில் பேசலாம் என்றுதான் பார்த்தேன். எடுத்தது என் மகள். "அப்பா, நீங்க பண்ணின கூத்துக்கு நான் தூது போக மாட்டேன். மாமனாரும் மாப்பிள்ளையும் நீங்களே எழுதித் தீத்துக்குங்க," என்று வைத்துவிட்டாள். அதனால் ஒற்றை விரலால் தட்டிக்கொண்டிருக்கிறேன்.

வைப்பதற்கு முன்னால் விஷயத்தைச் சொல்லிவிட்டாள். சனிக்கிழமை உங்கள் மேசை விளையாட்டுக் குழு முழுக்க வீட்டில் கூடியிருக்கிறது. நீங்கள் உருவாக்கிய கதை விளையாட்டைக் கண்காட்சிக்குக் கொண்டுபோவதற்கு முன்னால் முதல் ஒத்திகை. உங்கள் கற்பனை நிலவூரான நிழற்கரைக்கு நான் போட்டு அனுப்பிய வரைபடத்தைக் கடையில் மேசையளவுக்குப் பிரின்ட் போட்டு, சுருட்டியபடியே கொண்டுவந்து எல்லார் முன்னாலும் விரித்திருக்கிறீர்கள். நிலவின் பள்ளம் தெரிந்தது. பள்ளத்தின் விளிம்பில் குமிழி குமிழியாக வீடுகள் தெரிந்தன. கூடவே நான் எனக்கென்று எழுதிவைத்த கிறுக்கல்களும் சிவப்பு எழுத்தில் பளிச்சென்று தெரிந்தன.

கம்ப்யூட்டரில் ஒன்றன்மேல் ஒன்றாக, லேயர் லேயராக வரையச் சொல்லிக்கொடுத்தவர் நீங்கள். தரை ஒன்று, கட்டடம் ஒன்று, பெயர்கள் ஒன்று. கடைசியாக நானே ஒன்று சேர்த்துக்கொண்டேன், வரையும்போது தோன்றுவதை எழுதிவைக்க. அனுப்புமுன் அதன் பக்கத்தில் இருக்கும் கண் படத்தை அழுத்தி மூடினேன். திரையில் மறைந்தது. பிறகு ஒரு பெட்டி வந்து 'மறைத்ததையும் சேர்க்கட்டுமா' என்று கேட்டது போலிருக்கிறது. நான் படிக்காமல் டிக் போட்டேன். லைசென்ஸ் விண்ணப்பம் நிரப்பி நிரப்பி வந்த வியாதி. கட்டத்தைப் பார்த்தால் கை நிற்காது.

என்னென்ன எழுதியிருந்தேன் என்று எடுத்துப் பார்த்தேன். 'இதை மாப்பிள்ளை தோட்டம் என்கிறார். எனக்குக் குளியலறை மாதிரித்தான் தெரிகிறது.' 'இந்தத் தெரு எங்கேயும் போகவில்லை. கேட்டால் மர்மம் என்பார்.' இதெல்லாம்கூடப் பரவாயில்லை. 'மாப்பிள்ளை கதை சொல்லும்போது தூங்கிவிட்டேன். இங்கே என்ன இருக்கிறது என்று தெரியாது. ஒரு கிணறு போட்டுவைக்கிறேன்.' இதைப் படித்ததும் எனக்கே காது சூடாகிவிட்டது.

நண்பர்கள் சிரித்திருந்தால் நல்லது. நீங்கள் கோபமாக இருந்தால் அதையும் எழுதுங்கள். வாங்கிக்கொள்கிறேன்.

அன்புடன்,
மாமா

மார்ச் 7

மாமா அவர்களுக்கு,

கடிதம் கிடைத்தது. நண்பர்கள் சிரித்தார்கள். பிரச்சினை அது இல்லை.

ஆளுநர் மாளிகை மீது நீங்கள் எழுதியிருந்தது: 'ஆளே இல்லாத வீட்டுக்கு எதற்கு இத்தனை அறை.' ஆளுநர் இறந்து பல வருஷமாகிவிட்டது, ஒரு குடும்பம் தினமும் உள்ளே விளக்கைப் போட்டு அவர் இருப்பதாக நம்பவைக்கிறது என்பதுதான் விளையாட்டின் உயிர். ஆடுகிறவர்கள் ஒரு மாதம் துப்புத் துலக்கிக் கண்டுபிடிக்க வேண்டியது அது. எங்கள் குழுவில் 'தாடி' என்று கூப்பிடுவோமே, அவன் அதை உரக்கப் படித்துவிட்டு, "அப்போ ஆளுநர் செத்துட்டாரா?" என்றான். நான் டீ ஊற்றிக்கொண்டிருந்தேன். உட்காருவதற்குள் ஒத்திகை முடிந்துவிட்டது.

இன்னொன்று. தெருக்களின் அகலத்தைக் கட்டம் வைத்து அளந்தேன். ஒவ்வொரு முனையிலும் ஒரு கார் யூ-டர்ன் போடலாம். மூன்று இடத்தில் பார்க்கிங் இருக்கிறது. மாமா, அது நிலவு. குழாய் வழியாகக் காற்று அனுப்பித்தான் அங்கே மனிதர்கள் உயிரோடு இருக்கிறார்கள். தெருவை அகலமாக்கினால் அவ்வளவுக்கும் காற்று நிரப்ப வேண்டும். நிழற்கரையில் இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் சுவரோடு ஒட்டி நிற்க வேண்டும். இதை உங்களிடம் சொன்னேன். நீங்கள் விழித்திருந்த நாளில்தான் சொன்னேன் என்று நினைத்திருந்தேன்.

கண்காட்சி மே மாதம். எங்கள் குழுவுக்கு ஒரு மேசை ஒதுக்கிவிட்டார்கள். தாடிக்கும் அந்த மென்பொருள் தெரியும். இனி அவனே வரைபடத்தைப் பார்த்துக்கொள்வான். மூல ஃபைலை அனுப்பிவிடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் மாப்பிள்ளை

மார்ச் 9

மாப்பிள்ளைக்கு,

ஃபைலை இதோடு அனுப்பிவிட்டேன். கேட்டதைக் கொடுத்துவிட்டுத்தான் பேச வேண்டும் என்று இருந்தேன். இப்போது பேசுகிறேன்.

பார்க்கிங் விஷயத்தில் தப்பு என்னுடையதுதான், மறுக்கவில்லை. நாள் பூராவும் மற்றவர்கள் ஸ்டியரிங்கை ஒடிப்பதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பவன் நான். வீட்டில் அலமாரி வாங்கினால்கூட வண்டி திரும்புமா என்றுதான் முதலில் பார்ப்பேன். நிலவில் வண்டி இல்லை என்று நீங்கள் சொன்னது காதில் விழுந்தது. கை கேட்கவில்லை. ஆளுநர் விஷயத்துக்கு இந்தச் சமாதானமும் கிடையாது. அது அப்படியே என் தலையில்.

ஆனால் தாடிக்குக் கொடுக்கிறேன் என்று ஒரே வரியில் முடித்துவிட்டீர்களே, அதில்தான் எனக்கு வழக்கு. உங்கள் கல்யாணம் ஆன நாளிலிருந்து நாம் இரண்டு பேரும் பேசிக்கொண்டது என்ன? "சாப்டீங்களா மாமா?" "ஆச்சு மாப்பிள்ளை. நீங்க?" "ஆச்சு." பிறகு டிவி. மருந்துக்கடையிலிருந்து நீங்கள் வந்தால் நான் பேப்பரை எடுப்பேன், நான் கூடத்துக்கு வந்தால் நீங்கள் போனை எடுப்பீர்கள். என் மகள் நடுவில் நின்று, "உங்க ரெண்டு பேரையும் ஒரு ரூம்ல வெச்சுப் பூட்டினா சாவியையே மறந்துடுவேன், அவ்வளவு அமைதி," என்பாள்.

போன மழைக்காலத்தில் எங்கள் தெருவில் தண்ணீர் ஏறி, ஸ்கூலை மூடிவிட்டு உங்கள் வீட்டுக்கு வந்து தங்கினேனே, அப்போதுதான் அந்த மென்பொருளை முதலில் பார்த்தேன். நீங்கள் ஒரு குமிழியை இழுத்து வைத்தீர்கள். "மாமா, இங்க ஒரு வீடு போடுங்க," என்று மௌஸை என் பக்கம் தள்ளினீர்கள். நான் போட்ட வீடு பள்ளத்துக்குள் விழுந்தது. நீங்கள் சிரித்தீர்கள். நீங்கள் சிரித்து அன்றைக்குத்தான் பார்த்தேன். உங்களுக்குக் கன்னத்தில் குழி விழும் என்பதே எனக்குத் தெரியாது. அன்றையிலிருந்து நமக்குப் பேச ஒரு ஊர் கிடைத்தது.

தாடி நல்ல பையன்தான். ஆனால் அவனுக்கு உங்களோடு பேச ஆயிரம் விஷயம் இருக்கிறது. எனக்கு இது ஒன்றுதான். இதை மட்டும் என்னிடமிருந்து வாங்கிவிடாதீர்கள். மாதக் கடைசி வரை விடுங்கள். தெருவையெல்லாம் சுருக்கித் தருகிறேன். பிடிக்காவிட்டால் தாடிக்குக் கொடுங்கள், ஏன் என்று கேட்க மாட்டேன்.

அன்புடன்,
மாமா

மார்ச் 19

மாமாவுக்கு,

உங்கள் ஃபைல் எங்கள் இரண்டு பேர் கம்ப்யூட்டரிலும் திறக்கவில்லை. மென்பொருளின் புதுப் பதிப்பை ஏற்றியிருக்கிறீர்கள். எங்களிடம் இருப்பது பழையது. 'புதுப்பிக்கட்டுமா' என்று பெட்டி கேட்டிருக்கும், நீங்கள் டிக் போட்டிருப்பீர்கள். வேண்டுமென்றே செய்தீர்கள் என்று நான் சொல்லவில்லை. உங்கள் மகள் சொல்கிறாள்.

அதனால் தாடி புதிதாகவே ஒன்று போட்டான். நான்கு பக்க அளவையும் கொடுத்தால் தானாகவே ஊரை நிரப்பித் தரும் பொத்தான் ஒன்று இருக்கிறது இல்லையா, அதைப் பயன்படுத்தினான். வெகு சுத்தமான வரைபடம். குமிழிகள் வரிசையாக நிற்கின்றன. தெருவெல்லாம் சரியான அகலம். சனிக்கிழமை விரித்தோம்.

யாரும் ஒரு கேள்வி கேட்கவில்லை.

விதிப்படி ஆடினார்கள், டீ குடித்தார்கள், கிளம்பினார்கள். செருப்பு மாட்டும்போது எங்கள் குழுவில் இருக்கும் நர்ஸ் கேட்டார், "அந்தக் கிணறு எங்க போச்சு?" எந்தக் கிணறு என்றேன். "போன மேப்ல ஒருத்தர் எல்லாத்தையும் குறை சொல்லிட்டே இருந்தாரே. அவர் இந்த ஊர்ல இல்லையா? நான் அவரைத் தேடித்தான் ஆடலாம்னு வந்தேன்." தாடி உடனே, "நானும்தான், அந்த ஆள் யாருன்னு கண்டுபிடிக்கணும்," என்றான். அவன் போட்ட வரைபடத்தைப் பற்றி அவனே இப்படிச் சொன்னால் நான் என்ன செய்வது. வாசலிலேயே அரைமணி நேரம் உங்களைப் பற்றிப் பேசினார்கள். அவர்களைப் பொறுத்தவரை நீங்கள் நிழற்கரையில் குடியிருக்கும் ஒரு முணுமுணுப்புக்காரர்.

ஆகவே என் கோரிக்கை. தெருக்களைச் சுருக்குங்கள். பார்க்கிங் வேண்டாம். குறிப்புகள் இருக்கட்டும், ஆனால் 'மாப்பிள்ளை' என்ற சொல் எங்கேயும் வரக்கூடாது. எங்கெல்லாம் என்னைத் திட்டியிருக்கிறீர்களோ அங்கெல்லாம் ஊருக்குக் குழாயில் காற்று விடும் காற்று இலாகாவைத் திட்டுங்கள். ஆளுநர் இறந்த விஷயத்தைத் தொடாதீர்கள்.

கதை சொல்லும்போது தூங்கினீர்கள் என்பதைப் பற்றி மட்டும் நான் இன்னும் ஒரு முடிவுக்கு வரவில்லை.

இப்படிக்கு,
மாப்பிள்ளை

மார்ச் 27

மாப்பிள்ளைக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு வகுப்புக்குப் போனேன். கார் ஓட்டப் பழகும் டீச்சரம்மா, "சார், சிக்னல் சிவப்பு, நீங்க ஏன் சிரிக்கறீங்க?" என்றார். நிலவில் எனக்கு வேலை கிடைத்திருக்கிறது என்றேன். மறுநாளிலிருந்து அவர் பின் சீட்டில் வீட்டுக்காரரையும் கூட்டிக்கொண்டு வருகிறார்.

தெருவைச் சுருக்குவது சுலபம் என்று நினைத்தேன். ஒன்றைச் சுருக்கினால் பக்கத்து வீடு நகர்கிறது. அது நகர்ந்தால் காற்றுக் குழாய் யார் வீட்டுக் கூடத்திலோ போய் நிற்கிறது. ஆனாலும் முடித்துவிட்டேன். இப்போது உங்கள் நிழற்கரையில் தொப்பை உள்ளவர்கள் பக்கவாட்டில்தான் நடக்க முடியும். நான் அங்கே குடியிருந்தால் வீட்டை விட்டே வெளியே வர மாட்டேன். இதையே ஒரு குறிப்பாகவும் எழுதிவிட்டேன்.

சிக்கல் வேறு இடத்தில். நீங்கள் எழுதச் சொன்னதும் திட்டு வரவில்லை. உங்களுக்குத் தெரியக்கூடாது என்று எழுதியபோது தண்ணீராகக் கொட்டியது. 'காற்று இலாகா சரியில்லை' என்று எழுதிப் பார்த்தேன். பத்திரிகைக்கு எழுதும் புகார்க் கடிதம் மாதிரி இருக்கிறது. காரணம் எனக்குத் தெரிந்துவிட்டது. அந்த ஊரைப் பற்றி எனக்குப் பாதிதான் தெரியும். பாதி தெரிந்தவன் மாப்பிள்ளையைத் திட்டலாம், இலாகாவைத் திட்ட முடியாது.

அதனால் கதையை எனக்கு முதலிலிருந்து சொல்லுங்கள். போனில் போதும். தூங்குவேன் என்ற பயம் வேண்டாம். நின்றுகொண்டே கேட்கிறேன். அன்றைக்குத் தூங்கியது கதையால் அல்ல. உங்கள் வீட்டு சோபாவால். அந்த சோபாவில் உட்கார்ந்து விழித்திருந்தவர் யாராவது உண்டா என்று என் மகளைக் கேளுங்கள்.

அன்புடன்,
மாமா

ஏப்ரல் 16

மாமா,

சோபா விஷயத்தை விசாரித்தேன். சென்ற மாதம் தன் ஆபீஸ் மேலதிகாரி வந்தபோது அவரும் அதில் தூங்கினார் என்று உங்கள் மகள் நினைவுபடுத்தினாள். ஆகவே அந்த வழக்கு முடிந்தது.

இந்த இரண்டு வாரமாக நீங்கள் கதை கேட்ட விதத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். நான் ஒரு வாக்கியம் முடிப்பதற்குள், "இருங்க மாப்பிள்ளை, அந்தக் குடும்பம் ஏன் விளக்கு போடுது? வெளிய சொன்னா என்ன ஆகும்?" என்கிறீர்கள். முதல் நாள் எரிச்சலாக இருந்தது. சொல்லத் தெரியாமல் வைத்துவிட்டேன். அடுத்த நாள் கடையில் மாத்திரை எண்ணும்போது பதில் வந்தது: ஆளுநர் இல்லையென்று தெரிந்தால், அவர்களை அனுப்பிய தாய்க்கிரகம் எல்லோரையும் திரும்பக் கூப்பிட்டுக்கொள்ளும். அங்கேயே பிறந்த குழந்தைகளால் தாய்க்கிரகத்தின் ஈர்ப்பில் நிற்கக்கூட முடியாது. கவுன்டரில் நின்ற ஒருவருக்கு மருந்தைக் கொடுக்க மறந்து இதை ஒரு உறையின் பின்னால் எழுதிக்கொண்டேன். அவர் இருமி ஞாபகப்படுத்தினார்.

புது வரைபடம் வந்தது. எங்கள் மென்பொருளையும் புதுப்பித்துவிட்டோம், இந்த முறை நானே டிக் போட்டேன். குறிப்புகள் பிரமாதம். 'காற்று இலாகாவில் மனுப் போட்டேன். வரிசையில் நிற்கும்போது மூச்சு விட்டதற்குக் கட்டணம் கேட்கிறார்கள்.' கடையில் தனியாகச் சிரித்தேன்.

குளியலறை மாதிரி இருக்கும் தோட்டம் அப்படியே இருக்கட்டும். அதைத் தோட்டமாக மாற்ற நானும் முயன்று பார்த்தேன். குளியலறையாகத்தான் வருகிறது.

மே 17 கண்காட்சி. முந்தின நாளே ரயிலேறி வந்துவிடுங்கள். மேசையில் என் பக்கத்தில் உங்களுக்கு ஒரு நாற்காலி போடச் சொல்லியிருக்கிறேன். உங்கள் மகள் சொல்லச் சொன்னது: மூட்டை மூட்டையாக எதையும் கட்டிக்கொண்டு வராதீர்கள்.

அன்புடன்,
மாப்பிள்ளை

மே 22

மாமா,

நீங்கள் பத்திரமாக வீடு சேர்ந்ததாக உங்கள் மகள் சொன்னாள். நீங்கள் போன பிறகு மேசைத் துணியை மடிக்கும்போது உங்கள் மூக்குக் கண்ணாடி கிடைத்தது. பார்சலில் அனுப்புகிறேன்.

கண்காட்சி நடத்திய நிறுவனம் எங்கள் விளையாட்டை வெளியிட எடுத்துக்கொள்ளவில்லை. உங்களுக்குத் தெரியும், நீங்கள் பக்கத்தில்தான் இருந்தீர்கள். விதிகள் கனமாக இருக்கின்றன, இளைக்கவைத்துக்கொண்டு அடுத்த வருஷம் வாருங்கள் என்றார் அந்த நிறுவனத்து அம்மா. சொன்ன விதம் மரியாதையாகத்தான் இருந்தது. சாயங்காலம் வரை நம் மேசையில் நாற்காலி காலியாகவே இல்லை, அதனால் நான் ஒன்றும் உடைந்துபோகவில்லை. அடுத்த வருஷம் போவோம். விதிகளை இப்போதே வெட்ட ஆரம்பித்துவிட்டேன்.

ஒன்று கேட்க வேண்டும். நான் பெட்டி கட்டும்போது அந்த அம்மா உங்களைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசினார். திரும்பி வந்தபோது என்ன என்றேன். "ஒண்ணும் இல்ல மாப்பிள்ளை, டாய்லெட் எங்கன்னு கேட்டாங்க," என்றீர்கள். கண்காட்சி நடத்துகிறவர் அவர். அவருக்கு டாய்லெட் தெரியாதா. ரயில் நிலையம் வரை சட்டைப் பையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டே வந்தீர்கள்.

வரைபடம் போட்டுத் தரச் சொல்லிக் கேட்டிருப்பார் என்று நினைக்கிறேன். கேட்டிருந்தால் சரி என்று சொல்லுங்கள். எனக்காக யோசிக்க வேண்டாம். மருந்துக்கடைக்காரன் நான், கசப்பெல்லாம் பழக்கம். என்ன கேட்டார் என்பதை மட்டும் மறைக்காதீர்கள்.

அன்புடன்,
மாப்பிள்ளை

மே 26

மாப்பிள்ளைக்கு,

கண்ணாடி வந்தது. அது இல்லாமல் ஒரு வாரம் வகுப்பு எடுத்தேன் என்பதை டீச்சரம்மாவின் வீட்டுக்காரரிடம் சொல்லவில்லை.

டாய்லெட் பொய் சரியாக எடுபடவில்லை என்று அப்போதே உங்கள் முகத்தைப் பார்த்ததும் தெரிந்தது. ரயில் கிளம்பும் நேரத்தில் உங்கள் மனதை உடைக்க வேண்டாம் என்று நினைத்தேன். நீங்கள் ஊகித்ததுதான் நடந்தது. பேசியதை அப்படியே எழுதுகிறேன்.

"சார், இந்த மேப் நீங்க தனியாப் போட்டதா?"

"கை மட்டும்தான்மா என்னது. ஊர் அதோ, அந்த நீலச் சட்டைக்காரரோடது."

"எங்களுக்கு இதே மாதிரி சில ஊருங்க வேணும். கதை எங்க ஆளுங்க எழுதிக் குடுத்துடுவாங்க. நீங்க மேப் போட்டு, அந்தக் குறிப்பெல்லாம் எழுதிக் குடுத்தாப் போதும்."

"மாப்பிள்ளையைக் கேட்டுச் சொல்றேன்."

"அவர் என்ன உங்க மேனேஜரா?"

"அதைவிடப் பெரிய இடம்மா. பொண்ணைக் கட்டினவர்."

அவர் சிரித்துவிட்டுக் கார்டைக் கொடுத்தார். நான் பையில் தொட்டுத் தொட்டுப் பார்த்தது அதைத்தான். பெருமையாக இல்லை என்று சொன்னால் அது டாய்லெட்டை விடப் பெரிய பொய். ரயிலில் எதிர் சீட்டில் உட்கார்ந்திருந்தவரிடம், நான் நிலவில் வீடு கட்டுகிறவன் என்று அறிமுகப்படுத்திக்கொண்டேன். அவர் அடுத்த ஸ்டேஷனில் பெட்டி மாறிவிட்டார்.

நேற்று அவர்கள் ஒரு ஊரின் கதையை மாதிரிக்கு அனுப்பியிருந்தார்கள். பனிக்கட்டிக்கு அடியில் இருக்கும் ஒரு குடியேற்றம். நல்ல தாளில், நல்ல எழுத்தில், எத்தனை பேர், என்ன தொழில் என்று எல்லாம் தெளிவாக இருந்தது. மென்பொருளைத் திறந்து உட்கார்ந்தேன். தரை போட்டேன். தெரு போட்டேன், குறுகலாகவே போட்டேன், நீங்கள் பார்த்தால் மெச்சுவீர்கள். பிறகு மௌஸைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன். அங்கே யாரையும் எனக்குத் தெரியவில்லை. ஒரு கேள்வி கேட்கலாம் என்றால் அந்தத் தாளுக்கு வாய் இல்லை.

இன்று காலை அந்த அம்மாவுக்கு எழுதிவிட்டேன். உங்களைக் கேட்காமலே எழுதியதற்குக் கோபித்துக்கொள்ளாதீர்கள். 'நாங்கள் இரண்டு பேர். கதை அவர் சொல்வார், நான் நின்றுகொண்டு கேட்டுப் போடுவேன். இரண்டு பேரும் வேண்டுமென்றால் வருகிறோம். ஒருவர் போதுமென்றால் தாடி என்று ஒரு பையன் இருக்கிறான், சுத்தமாகப் போடுவான்.' பதில் எப்படி வந்தாலும் வரட்டும். அடுத்த வருஷம் நமக்கு மேசை இருக்கிறது, நீங்கள் விதியை வெட்டுங்கள், எனக்கு நேரம் நிறைய இருக்கிறது.

மேனேஜரா என்று அவர் கேட்டபோது நான் சிரித்துச் சமாளித்தேனே, அப்போது வாய் வரைக்கும் வேறொன்று வந்தது. அதை அங்கே சொல்லவில்லை, இங்கே சொல்கிறேன். எனக்கு வீடு போட வரும், தெரு போட வரும். ஆனால் அந்த வீட்டுக்குள் யார் இருக்கிறார் என்று நீங்கள் சொன்னால்தான், கதவை எந்தப் பக்கம் வைப்பது என்று எனக்குத் தெரிகிறது.

மாமா